ஜெபத்துக்கு மெதுவாகச் சுற்றும் ஃபேன்

எங்கள் பக்கத்தில் லைவ் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார் என்றால் அந்த வீட்டில் ஒருவர் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் வரை இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. டாக்டர் வந்தால்கூடப் பிழைக்க வழியுண்டு என்று நம்பலாம். லைவ் வந்தால் அந்த நம்பிக்கையும் போயிற்று.

லைவ் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இத்தனை காலம் குடியிருக்கிறேன், அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். இங்கே அப்பாவோ அம்மாவோ கண்ணை மூடினால் எல்லோராலும் விமானம் ஏறி வந்துவிட முடிவதில்லை. ஒருவருக்கு விசாவில் சிக்கல், இன்னொருவருக்கு லீவு இல்லை. அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அங்கிருந்தபடியே அடக்கத்தைப் பார்க்க, கேமராவும் கம்ப்யூட்டருமாக வந்து நேரலையில் காட்டுவதுதான் இவர் வேலை. எங்கள் ஊர்ச் சாவு வீட்டில், "பெட்டிக்குச் சொல்லியாச்சா?" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி, "லைவுக்குச் சொல்லியாச்சா?"

இதனால் மற்ற இடங்களுக்கு அவரால் நிம்மதியாகப் போகமுடியாது. ஒரு கல்யாண வீட்டுக்கு உரிமையோடு முதல்நாளே போய்விட்டார். வாசலில் இவரைப் பார்த்த பெண்ணின் அத்தை, "ஐயோ, ஆரு போனா?" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து என் மகன் வீடியோ காலில் வந்தான். என் தலைக்குப் பின்னால் லைவின் முகம்.

"அப்பா, அவரு எதுக்கு நம்ம வீட்டுல நிக்காரு?"

"கஞ்சி கொண்டாந்தாருடே."

"உண்மையச் சொல்லுங்கப்பா. நீங்க நல்லாத்தான இருக்கீங்க?"

லைவ் குனிந்து, போனுக்குள் முகத்தைக் காட்டி, மிகுந்த பொறுப்போடு சொன்னார்: "இப்பம் ஒண்ணும் இல்ல மக்கா. என்னவாவது உண்டும்னா நானே விளிச்சுச் சொல்லுதேன்."

மகன் அன்று வேலைக்குப் போகவில்லை.

இந்தக் காலத்தில் ஒரு போன் போதாதா, எதற்கு இவ்வளவு சாமான் என்று நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு அவரிடம் தயாராகப் பதில் உண்டு. "போன்ல காட்டினா போன் வரும் ஓய். ஒருத்தன் அப்படித்தான் காட்டினான். பெட்டிய குழியில எறக்கும்போ, லோன் வேணுமான்னு ஒரு பிள்ள விளிச்சா. துபாய்ல இருந்த மக்க அம்புட்டு பேருக்கும் கட்டாயிட்டு."

சரி, லேப்டாப்? "மடங்குற சாமானத்த நம்பப்பிடாது."

ஆகவே பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை, பழைய காலத்து இரும்புக் கேபினெட்டோடு, ஒரு குழந்தையைப் போல வேனின் முன்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டிக் கொண்டுவருவார். சவப்பெட்டிக்கு நாலடி தள்ளி ஒரு ஸ்டூலில் அதை ஏற்றுவார். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பார்.

குறை ஒன்றே ஒன்றுதான். இரண்டு கேமராவின் படத்தையும் வாங்கி, சேர்த்து, கடல்தாண்டி அனுப்புவதற்குள் அந்த இயந்திரம் கொதித்துவிடும். கொதித்தால் அதற்குள் இருக்கும் சின்ன ஃபேன் முழுவேகத்தில் சுற்றும். சுற்றினால் வரும் சத்தம், பக்கத்தில் ஒரு மாவு மில் ஓடுவதுபோல இருக்கும். ஒரு வீட்டில் போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, கண்ணைத் திறக்காமலே, "அந்த மில்ல யாராவது ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்பதால் எல்லோரும் துண்டால் வாயைப் பொத்தினார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து லைவ் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினார்.

அந்த அவமானம் அவரை மிகவும் சுட்டுவிட்டது. அடுத்து வந்த அடக்கத்தில் ஃபேனின் வயரையே பிடுங்கிவிட்டார். வெளியில் ஒரு மேசை ஃபேனை வைத்துக் காற்றுக் காட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. ஜெபம் அமைதியாக முடிந்தது. போதகர் இவரைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தார். பெட்டியை மூடப்போகும் நேரம், கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்று சொன்னார்கள். அப்போது சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. திரும்பப் போடுவதற்குள் மூடியாயிற்று.

செத்துப்போன அம்மாவின் மகள் மஸ்கட்டில் நர்ஸ். மறுநாள் அவள் லைவுக்குப் போன் செய்தாள். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. "அம்மைக்க முகத்த கடைசியா ஒருக்கா பாக்கல்லியே அண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் லைவ் வெளியே வரவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லா மயினி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "சோறு வச்சது வச்சபடி இருக்கு. வந்து ஒரு வார்த்தை சொல்லும்" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். சாப்பாட்டு மேசை முழுக்க வயர். நடுவில் கம்ப்யூட்டர் குடல் தெரியக் கிடந்தது. லைவ் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ஃபேன நிறுத்தவும் பிடாது. முழுசா ஓடவும் பிடாது. அப்பம் என்ன செய்யணும்? நம்ம சொல்லுக்கு ஓடணும்."

"கடையில இதுக்கு ஒண்ணும் கிட்டாதா?"

"கிட்டும். அது தன் இஷ்டத்துக்குக் கூட்டும், குறைக்கும். அதுக்கு ஜெபம் எது, பாட்டு எதுன்னு தெரியுமா ஓய்?"



அவர் சவுதியில் பெரிய கட்டடங்களில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒரு மாடிக்கே வெளிச்சம் கொடுத்த கை. ஆனால் இந்தக் குட்டி ஃபேன் அவரைப் படுத்தியெடுத்தது. "பெரிய கரண்டு எனக்குச் சொன்னாக் கேக்கும். இந்தச் சின்ன கரண்டுதான் பழக்கமில்ல" என்றார். இன்டர்நெட்டில் யார் யாரோ பேசும் வீடியோக்களைப் பார்த்தார். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை எடுத்தார். நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய் டிரான்சிஸ்டர் வாங்கிவந்தார். திருகைத் திருப்பினால் டிரான்சிஸ்டர் ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முதல் டிரான்சிஸ்டர் புகைந்தது. இரண்டாவதும் அதன் வழியே போயிற்று. சூட்டை இறக்க அலுமினியத் துண்டு ஒன்றின் மேல் அதைத் திருகி வைக்க வேண்டும் என்று மூன்றாவது டிரான்சிஸ்டர் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. ஈயம் உருகும் வாசமும் மீன்குழம்பு வாசமும் கலந்து, எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் ஏறியது.

எல்லாவற்றையும் வைக்க ஒரு டப்பா வேண்டியிருந்தது. மயினியின் சோப்பு டப்பா போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் குளிக்கிற சோப்பு தேங்காய்ச் சிரட்டையில் இருக்கிறது.

ஃபேன் ஓடியது. ஆனால் ஒரு சிக்கல். மிகக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டுப் போட்டால் அது கிளம்பவே மாட்டேன் என்றது. முதலில் வேகமாக ஓடவிட்டு, பிறகு குறைத்தால் சமர்த்தாக மெல்லச் சுற்றியது. இதைக் கண்டுபிடித்த அன்று லைவ் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "கொள்ளாம் ஓய், நல்லாத்தான் ஓடுது! நம்ம ஊரு ஆபீஸ்காரனுவ போலத்தான். முதல்ல ஒரு தள்ளு கொடுக்கணும்" என்றார். நான் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பதை அவர் மறந்திருக்கமாட்டார்.

திருகைச் சுற்றி மார்க்கர் பேனாவால் நான்கு கோடு போட்டார். வேகம் இறங்கும் வரிசையில் எழுதினார்: அழுகை, பாட்டு, பிரசங்கம், ஜெபம்.

அதன் தத்துவம் இதுதான். அழுகை உரக்க இருக்கும்போது ஃபேன் எவ்வளவு இரைந்தாலும் யாருக்கும் கேட்காது. அப்போது முழுவேகத்தில் விட்டு இயந்திரத்தைக் குளிரவைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலும் கொஞ்சம் குளிரவைக்கலாம். அப்படிச் சேர்த்துவைத்த குளிர்ச்சியைக் கொண்டு பிரசங்கத்தைச் சமாளித்து, ஜெபத்தைக் கடந்துவிட வேண்டும். திரையின் மூலையில் சூடு எவ்வளவு என்று ஒரு எண் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு கல்லாக நிற்பார். எண் ஏற ஏற அவர் முகம் வாடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள், "இறந்தவருக்கு ரொம்ப வேண்டியவர்போல" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

நன்றாகவே நடந்தது. மில் சத்தம் நின்றது. லைவுக்கு மதிப்பு கூடியது. ஆனால் அவர் ஊரையே வேறுமாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டார். அடக்கத்துக்குக் கூப்பிட்டால், பொருள்களை ஏற்றுவதற்கு முன் என்னிடம் விசாரிப்பார்.

"அந்த வீட்டுல பெண்மக்க எத்தன பேரு?"

"நாலு."

"அப்பம் பேடிக்க வேண்டாம். நல்லா அழுவாளுவ. சிஸ்டம் தாங்கிரும்."

போதகரிடமும் நேரே போய்க் கேட்டார். "ஜெபம் எவ்வளவு நேரம் போகும் ஐயா?"

"ஆண்டவர் நடத்துற வரைக்கும், தம்பி."

"அது சரி. ஆனா சிஸ்டம் அவ்வளவு நேரம் தாங்காது பாத்துக்கிடுங்க" என்று பயபக்தியோடு சொல்லிவிட்டு வந்தார்.

இப்படியிருக்கும்போதுதான் எல்லைக்கல் இறந்துபோனார்.

எல்லைக்கல் என்பதும் பட்டப்பெயர்தான். ரப்பர் தோட்டம் வைத்திருந்த மனிதர். அவர் தோட்டத்தின் நாலு பக்கமும் நாலு வழக்கு. தம்பியோடு வழக்கு, தங்கையின் கணவரோடு வழக்கு, வேலிக்கு அப்பால் விழுந்த தேங்காய்க்காகப் பக்கத்துக்காரரோடு வழக்கு, நடைபாதைக்காகப் பஞ்சாயத்தோடு வழக்கு. ஒரே மகன் அவரோடு சண்டைபோட்டுக்கொண்டு குவைத் போனவன். அப்பா செத்த செய்தி கிடைத்தபோது அவன் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறுகிற சமயம், பாஸ்போர்ட் கையில் இல்லை. லைவுக்குத்தான் முதலில் போன் செய்தான். "அண்ணே, மூடுறது வரைக்கும் காட்டணும். ஒரு நிமிஷம்கூட விட்டுரக்கூடாது."

மஸ்கட் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "என் உசிரப் பிடிச்சாவது காட்டுதேன் மக்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

நானும் போயிருந்தேன். என் வீடு அவர் தோட்டத்திலிருந்து தூரம் என்பதால் எங்களுக்குள் வழக்கு எதுவும் இல்லை. கூட்டத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

நல்ல சித்திரை வெயில். முற்றத்தில் தகரப் பந்தல். எல்லோரும் வந்திருந்தார்கள், முறைக்கு. தம்பி கைகட்டி நின்றார். தங்கை கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். எல்லைக்கல்லின் மனைவி பெட்டியின் தலைமாட்டில், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பாடவேண்டியவர்களில் பாதிப்பேர் வரவில்லை. பாட்டு தொடங்கிய வேகத்தில் முடிந்தது.

லைவ் என் பக்கம் சாய்ந்து, "என்ன ஓய், ஆரும் அழமாட்டங்காவ?" என்றார்.

"அழ ஆளு இல்ல."

அவர் திரையின் மூலையைப் பார்த்தார். இயந்திரம் அதற்குள் எண்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. பந்தல் தகரமே கைவைத்தால் கொப்புளிக்கும் சூடு. போதகர் பிரசங்கத்தை முடித்து ஜெபத்தைத் தொடங்கினார். இறந்தவரைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடைக்கவில்லை என்பதாலோ என்னவோ, உலகத்தில் துன்பப்படும் எல்லோருக்காகவும் ஜெபிக்க ஆரம்பித்தார். பந்தலுக்குள் மூச்சுவிடுகிற சத்தம்தான் கேட்டது. லைவ் திருகைக் கடைசிக் கோட்டுக்குக் குறைத்தார். எண் ஏறியது. துண்டால் விசிறினார். ஏறியது. திருகைக் கொஞ்சம் கூட்டினார், ஃபேன் உறுமியது, போதகரின் ஒரு கண் திறந்தது. மறுபடி குறைத்தார்.

அவர் முகத்தில் வேர்வை கோடுகோடாக இறங்கியது. மஸ்கட் பெண்ணுக்கு அணைந்ததுபோல இதுவும் அணையப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. குவைத்தில் ஒருவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அப்போது லைவ் வாயைத் திறந்து அழுதார்.

"ஐயா... போயிட்டீரே!"

பந்தல் திடுக்கிட்டது. போதகர் நிறுத்திவிட்டார். எல்லைக்கல்லுக்காக ஒருவர் அழுவதை அந்த ஊர் பார்த்ததில்லை. லைவ் ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு கை திருகில் இருந்தது.

"ஒரே ஒரு மகன். அவன் அங்கேருந்து பாத்துக்கிட்டு இருக்கானே! ஒரு வாட்டி கண்ணத் தொறந்து அவனப் பாத்துட்டுப் போவப்பிடாதா!"

மகன் என்ற சொல் காதில் விழுந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் மெல்லத் திரும்பிக் கேமராவைப் பார்த்தார். அதற்குள்ளே மகன் இருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "மக்கா, அப்பா போயிட்டாருடே" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் விழுந்தார். தங்கை, "அண்ணா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். வழக்குப் போட்ட தம்பி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். வீடே இரைந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருகு 'அழுகை'யில் நின்றது. ஃபேன் மாவு மில்லாக ஓடியது. யாருக்கும் கேட்கவில்லை.

எண் மெல்ல இறங்கியது. பெட்டி மூடப்பட்டது. ஒரு நொடி விடாமல் குவைத்துக்குப் போயிற்று.

ஆனால் லைவ் நிறுத்தவில்லை. மூடியான பிறகும் அழுதார். பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியபோதும் அழுதார். கேமராக்களைக் கழற்றி வேனில் ஏற்றியது நானும் இன்னொருவரும்தான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கேபினெட்டின் மேல் நெற்றியை வைத்து, சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். "போதும் ஓய், மூடியாச்சு, எல்லாம் போயாச்சு" என்று காதில் சொன்னேன். தலையை ஆட்டினார். அழுகை நிற்கவில்லை.

மறுநாள் அவருக்குத் தொண்டை அடைத்துப்போனது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பார்க்கப் போயிருந்தபோது அவர் போன் அடித்தது. குவைத்திலிருந்து எல்லைக்கல்லின் மகன். லைவ் போனை என் கையில் கொடுத்து, நீர் பேசும் என்று சைகை காட்டினார்.

"லைவ் அண்ணனுக்குத் தொண்டை சரியில்ல மக்கா. நான் பக்கத்து வீடு. சொல்லும், அவரு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

அவன், "முதல்ல ஒருத்தரு அழுதாரே. படத்துல தெரியல்ல, சத்தம் மட்டும் கேட்டுது. அது ஆரு?" என்றான்.

உன் சித்தப்பாதான் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு குடும்பம் சேர்ந்தாலும் சேரும். லைவ் என் எண்ணத்தைப் படித்தவர்போல வேகமாகத் தலையை ஆட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அது லைவ் அண்ணன்தான்."

"அவரா? அவருக்கு எங்க அப்பாவத் தெரியுமா?"

லைவ் என் காதில் ஊதினார். அதை அப்படியே சொல்லவேண்டிய நிலை எனக்கு. "கம்ப்யூட்டர் சூடாயிட்டாம் மக்கா."

"என்னது?"

"ஃபேன கூட்டணுமாம். கூட்டினா சத்தம் வருமாம். அதுக்காக அழுதாராம்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்றுதான் நினைக்கிறேன். முடியும்போது அது சிரிப்பாக இல்லை. "அதுக்காகவா அவ்வளவு நேரம் அழுதாரு?"

நான் லைவைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் காற்றில் சொன்னார்.

"தொடங்கினது அதுக்குத்தானாம்" என்றேன். "பெறவு நிறுத்த முடியல்லியாம்."

அவன் சொன்னான்: "எங்க அப்பாவுக்கு ஆரும் அழமாட்டாவன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன். அண்ணன்கிட்ட சொல்லுங்க. எல்லாம் பாத்தேன்னு சொல்லுங்க."

போனை வைத்தேன். சமையலறை வாசலில் ஸ்டெல்லா மயினி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"இவருக்க அப்பா போனப்பம் இவரு சவுதியில, தம்மாம்ல," என்றார். "வந்து சேரும்போ கல்லறையில புல்லு முளச்சிருந்து. அப்பம் அழல்ல. நானும் இத்தன வருஷமா பாக்கேன், ஒரு நாளும் அழல்ல. நேத்துதான் அழுதாரு, ஆருக்கோ."

லைவ் அவரைப் பார்த்துக் கையை வீசினார், போதும் போ என்பதுபோல. பிறகு மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய ஃபேனை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளங்கையைவிடப் பெரியது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றுத் தரும், சத்தமும் வராது என்று காற்றும் கையுமாக விளக்கினார். "இனி ஆரும் அழ வேண்டாம் ஓய்" என்று அவர் உதடு அசைந்தது.

மயினி மிளகு தட்டிப்போட்ட பாலைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. லைவ் உடனே எடுக்கப் போனார். நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். எனக்கு வீட்டில் நூறு வேலை கிடந்தது. இருந்தாலும் அந்தப் பால் ஆறுகிறவரைக்கும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.